வேதாசலத்தின் உயரத்தில் ஒரு மெழுகுவர்த்தி

வேதாசலம் படிப்பகத்தைப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது, கூடத்துச் சுவரில் அவர் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி சாய்ந்து நின்றது.

குழாய்க்காரன் ஏதோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தார். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. உச்சியில் திரி சுருண்டிருந்தது. அதற்கு நேர் மேலேதான் தலைவர் படம் மாட்டியிருந்தது.

"செல்லி, இன்னா இது?"

செல்லியம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. "பல்லாவரத்துல சின்னப்பன்னு ஒருத்தர் செஞ்சு குடுத்தாரு. உங்க உயரம்."

"என் உயரம் அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் அளந்து குடுத்தேன்."

ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் வேதாசலம். மேற்குத் தாம்பரத்தில் கழகத்தின் கிளைத் தலைவர். கடவுள் இல்லை என்று மேடையில் சொல்லத் தொடங்கியபோது அவருக்கு மீசை முளைக்கவில்லை. அவருடைய கல்யாணத்தில் ஐயர் இல்லை, மேளம் இல்லை, தாலியும் இல்லை. இரண்டு மாலை, மூன்று மணி நேரச் சொற்பொழிவு, அவ்வளவுதான். இரும்புலியூரில் ஏர் வைத்திருந்த குடும்பத்துப் பெண்ணான செல்லியம்மாள் அந்தச் சொற்பொழிவு முழுவதையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளே புளிப்பானைக்குப் பின்னால் எல்லையம்மன் படம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. வேதாசலம் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார். அவரைத் தேடி வரும் தோழர்களுக்கு அவள் முகம் சுளிக்காமல் சோறு போட்டாள். அவர் அவளைக் கூட்டத்துக்கு வா என்றதில்லை, அவள் அவரைக் கோயிலுக்கு வா என்றதில்லை. இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சோற்றைப் போட்டுவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். வலது முழங்காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்துக்கொண்டாள்.

"பரங்கிமலை மாதாவுக்கு நேர்ந்துகினது. நீங்க சானடோரியம் ஆஸ்பத்திரியில படுத்துகினு இருந்தீங்களே, அப்போ. உங்க உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி, படியேறி வந்து ஏத்துறேன்னு சொன்னேன். ரெண்டு வருசம் ஆயிப்போச்சு."

"நம்ம வூட்டுல மாரியாத்தாவுக்கே இடமில்லன்னு சொல்லிக்கினு கீறேன். நீ மாதாகோயில் வரைக்கும் போயிட்டியா?"

"உங்கள நான் கூப்புடல. நாளைக்கு நான் மட்டும் போயிட்டு வரேன். டாக்டரு முட்டியைப் பாத்துட்டு, இனிமே படி ஏறவே கூடாதுன்னாரு. அதான் இப்பவே போயிட்டா நல்லதுன்னு."

வேதாசலம் சோற்றில் கையை வைத்தபடி அவள் காலைப் பார்த்தார். கோபம் ஒரு பக்கம் இருந்தது. ரயிலில் தனியாகப் பல்லாவரம் சந்தையைத் தாண்டிப் போயிராதவள், ஆள் உயர மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு, இந்தக் காலோடு எப்படிப் போவாள் என்ற கவலை இன்னொரு பக்கம்.

"அடிவாரம் வரைக்கும் வரேன்" என்றார் கடைசியில். "அதுக்கு மேல ஒரு அடி வர மாட்டேன்."

"அது போதும்" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடியில் போட்டிருந்தாள். வேதாசலம் அதைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு, எப்போதும் போடும் கறுப்புச் சட்டையையே போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணும் ஒளிஞ்சு போகலியே."

பழைய புடவையை நனைத்து மெழுகுவர்த்தியைச் சுற்றியிருந்தாள். ரயிலில் அதை இருவருமாக மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். குரோம்பேட்டையில் ஏறிய ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாதஸ்வரமா சார்?" என்று கேட்டார். வேதாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆமாங்க" என்றாள் செல்லியம்மாள்.

மார்ச் மாதம். கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம். அடிவாரத்து வளைவுக்குப் பக்கத்தில் பூவும் மெழுகுவர்த்தியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பாறையும் புதருமாக நிமிர்ந்து நின்ற குன்றின் மேல் கல்படிகள் வளைந்து ஏறின. இரண்டு பக்கமும் வேப்பமரங்கள். வழியில் அங்கங்கே இயேசு சிலுவை சுமந்து போகும் காட்சிகளை வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் சிலர் மண்டியிட்டு ஜெபம் சொல்லிவிட்டு அடுத்ததற்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் கோயிலின் வெள்ளை முகப்பு மட்டும் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

வேதாசலம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தினசரியை விரித்தார். செல்லியம்மாள் செருப்பைக் கழற்றி அவர் பக்கத்தில் விட்டாள். மெழுகுவர்த்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினாள்.

தினசரி மடியில் இருந்தது, அவர் கண் படியில் இருந்தது. இடது காலை வைத்து, வலது காலை இழுத்து அதே படியில் சேர்த்து, பிறகு அடுத்த படி. சின்னக் குழந்தை ஏறுகிற மாதிரி. இரண்டாவது சிலுவைக் காட்சியைத் தாண்டினாள். மூன்றாவதற்கு அருகில் நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள். அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

தினசரியை எங்கே போட்டார் என்று அவருக்குத் தெரியாது. அவர் போய்ச் சேர்ந்தபோது செல்லியம்மாள் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மெழுகுவர்த்தி மட்டும் பத்திரமாக மடியில் கிடந்தது.

"புடிச்சிகிச்சு. கொஞ்ச நேரத்துல வுட்டுரும்."

அவர் காலை மெதுவாக நீட்டித் தேய்த்துவிட்டார். விடவில்லை. வீக்கம் புடவைக்கு மேலேயே தெரிந்தது.

"வா, வூட்டுக்குப் போலாம். உங்க மாதாவுக்குக் கண்ணு இருந்தா, நீ இம்மாந் தூரம் வந்தது தெரியாதா?"

"சொன்ன சொல்லு இருக்குதுங்களே."

"யாருகிட்டச் சொன்ன? எப்போ சொன்ன? எனக்கு ஒரு வார்த்த சொன்னியா?"

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். அவர்களைத் தாண்டி ஒரு குடும்பம் ஜெபம் சொல்லிக்கொண்டே ஏறிப் போனது.

"உங்களுக்கு நெனவே இல்லாம இருந்துச்சு. ரத்தம் ரத்தமாக் கக்கினீங்க. சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்புங்கன்னு டாக்டரு சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு யாரக் கூப்புடறதுன்னே தெரியல. வார்டுல மரியசெல்வம்னு ஒரு ஆயா இருந்தாங்க. அவங்கதான் என்னை வெளிய கூட்டிகினு வந்து, அதோ அந்தப் பக்கம்தான் பரங்கிமலை, மாதாகிட்டக் கேளுன்னாங்க. நான் பாத்தேன். ஒண்ணும் தெரியல. மரமும் கட்டடமும்தான் தெரிஞ்சுது. தெரியாத மலையைப் பாத்துக் கும்புட்டுட்டு உள்ள வந்து, பேண்டேஜ் துணியால உங்களை உச்சியிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் அளந்தேன். அந்தத் துணிய இத்தன நாளும் வெச்சிகினு இருந்தேன்."

வேதாசலத்துக்கு அந்த நாட்கள் ஞாபகத்தில் இல்லை. விழித்தபோது இவள் கட்டிலருகில் உட்கார்ந்திருந்ததும், அவர் முதலில் கேட்டது கட்சிப் பத்திரிகை வந்ததா என்றுதான் என்பதும் மட்டும் நினைவிருந்தது.

"உங்களைப் பொழைக்க வெச்சது டாக்டரு மருந்துதான். அது எனக்குந் தெரியும்" என்றாள். "ஆனா அன்னிக்கு நான் கீழ வுழாம நின்னது இத்தச் சொல்லித்தான்."

அவர் மேலே பார்த்தார். பிறகு மெழுகுவர்த்தியைப் பார்த்தார். வெயிலில் புடவையின் ஈரம் காய்ந்து, மெழுகு மெல்ல வளையத் தொடங்கியிருந்தது.

"குடு இங்க."

"வாணாம். ஆராவது பாத்தா உங்களைக் கிண்டல் பண்ணுவாங்க."

"பாக்கட்டும். நான் கும்புட மாட்டேன். கொண்டுபோய் ஏத்திட்டு வந்துருவேன்."

"உங்களை ஆரு கும்புடச் சொன்னா?" அவள் மெழுகுவர்த்தியை அவர் கையில் வைத்தாள். "வெச்சுட்டு உங்க பேரை மட்டும் சொல்லுங்க. அப்பிடித்தான் சொல்லணுமாம்."

ஒரு நுரையீரல் பாதி செத்துப்போன மனிதருக்கு அந்தப் படிகள் லேசானவை அல்ல. நாலு படி ஏறினால் நெஞ்சு விசில் அடித்தது. நின்று நின்று ஏறினார். இறங்கி வருகிறவர்கள் கறுப்புச் சட்டையையும் மெழுகுவர்த்தியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தோளில் வைத்தால் வளைந்தது. செங்குத்தாகப் பிடித்தால் தலை சாய்ந்தது. கடைசியில் தலைத்துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தி, இரண்டு கையிலும் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி கிடத்திக்கொண்டார். துண்டில்லாத வழுக்கைத் தலையில் வெயில் இறங்கியது. இது என்ன கூத்து என்று ஒரு இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு பத்தவில்லை.

திரும்பிப் பார்த்தார். கீழே செல்லியம்மாள் கைப்பிடிச் சுவரோடு சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து அவளுக்குக் கோயிலுக்குள் இருக்கிற எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவ்வளவு தூரம் வந்தும் கோயிலின் உள்பக்கத்தை அவள் பார்க்கப் போவதில்லை. கேட்பாள். எப்படி இருந்தது என்று நிச்சயம் கேட்பாள்.

உச்சியில் காற்று அடித்தது. ஆலமரத்தடியில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். வேதாசலம் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார். மாதாகோயில் ஒன்றுக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. வெளிவெயிலிலிருந்து வந்ததில் ஒன்றும் புலப்படவில்லை. குளிர்ச்சி மட்டும் உடம்பில் பட்டது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஒருவர் எழுந்து வந்தார். நரைத்த கிராப்பு, கையில் துடைப்பம்.

"யாருக்கு நேர்ச்சை?"

"எனக்கு. நேர்ந்துகினது என் வீட்டுக்காரம்மா. கால் முடியாம படியில உக்காந்துட்டாங்க."

"நீங்க கிறிஸ்தவங்களா?"

"இல்ல."

"இந்துவா?"

"அதுவும் இல்ல."

கோயில்பிள்ளை அவர் சட்டையைப் பார்த்தார். முகத்தில் லேசாகச் சிரிப்பு ஓடியது. "சரி, ரொம்ப மூச்சு வாங்குது. மொதல்ல உக்காந்து தண்ணி குடிங்க. மெழுகுவர்த்தி எங்கியும் ஓடிப்போகாது."

தண்ணீரைக் குடித்துவிட்டு வேதாசலம் சுற்றிலும் பார்க்கத் தொடங்கினார். பட்டறையில் புதிதாக வந்த எந்திரத்தைப் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், எதையும் விடாமல். பீடத்துக்கு மேலே ஒரு பழைய படம்: கையில் குழந்தையோடு மாதா. நிறம் மங்கியிருந்தது, கண் மங்கவில்லை. பீடத்துச் சுவரில் கல்லில் செதுக்கிய சிலுவை. அதன் மேலே ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. சுற்றிலும் ஓடிய எழுத்தைத் தமிழா, கிரந்தமா என்று உற்றுப் பார்த்தார்.

"அது இன்னா பாஷைங்க?"

"பழைய பாரசீகம்னு சொல்றாங்க சார்" என்றார் கோயில்பிள்ளை. "கல்லு ரொம்பப் பழசு. இங்கியே தோண்டறப்போ கெடைச்சதாம்."

பக்கச் சுவர்களில் வரிசையாகப் படங்கள். தாடிவைத்த ஆண்கள். ஜன்னல் வழியாக மீனம்பாக்கத்து ஓடுபாதை நீளக் கோடாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் பல்லாவரத்து மலைகள்.

அந்த நீள மெழுகுவர்த்தி எந்தத் தாங்கியிலும் நிற்கவில்லை. கோயில்பிள்ளை அடியைப் பிடித்துக்கொள்ள, வேதாசலம் தீக்குச்சியைக் கிழித்துத் திரியில் வைத்தார். இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவதில் பற்றிக்கொண்டது.

"பேர் சொல்லுங்க சார்."

வாயைத் திறந்தார். தன் பேரைச் சொல்ல வரவில்லை. அது கும்பிடுகிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அது மட்டும் இல்லை. வெயிலில் உட்கார்ந்திருக்கிறவள் பேரை விட்டுவிட்டுத் தன் பேரைச் சொல்வது நியாயமாகவும் படவில்லை.

"செல்லியம்மாள்" என்றார். குரல் எதிர்பார்த்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. முன்வரிசையில் ஜெபித்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

சிறிது நேரம் எரியவிட்டு அணைத்து, பீடத்துக்குக் கீழே மற்றவற்றோடு கிடத்தினார்கள். வேதாசலம் கும்பிடவில்லை. கோயில்பிள்ளைக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

இறங்குவது ஏறுவதைவிடச் சுலபமாக இருந்தது. செல்லியம்மாள் இருந்த இடத்திலேயே இருந்தாள். யாரோ ஒரு பெண் அவளுக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பாதியை அவருக்காக வைத்திருந்தாள்.

"ஏத்தினீங்களா?"

"ஏத்தினேன்."

"பேரு சொன்னீங்களா?"

"உன் பேரைச் சொன்னேன்."

"ஐய. நேர்ந்துகினது உங்களுக்குல்ல?"

"கொண்டாந்தது நீதானே. உன் பேருதான் வந்துச்சு."

மோரை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் நினைத்தபடியே கேட்டாள். "உள்ள எப்பிடிக் கீது?"

வேதாசலம் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். மூச்சு நிதானப்பட்டதும் சொல்ல ஆரம்பித்தார். வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, உள்ளே நுழைந்ததும் எப்படிக் குளிர்கிறது, கல் சிலுவை எந்த இடத்தில் பதிந்திருக்கிறது, புறா எப்படி இறங்குகிறது, அந்த எழுத்து என்ன பாஷை. மாதாவின் முக்காடு, குழந்தை எந்தக் கையில். பொதுக்கூட்டத்தில் பேசிப் பழகிய மனிதர் அல்லவா, அவரை அறியாமல் குரல் ஏறியது. கையை விரித்துக் காட்டினார். செல்லியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். படியேறி வந்த இரண்டு கிழவிகள் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். கறுப்புச் சட்டைக்காரர் மாதாவைப் பற்றிப் பேசுவதில் அவர்களுக்கு விசித்திரம் ஒன்றும் தெரியவில்லை போலிருந்தது.

"கண்ணு எப்பிடி இருந்துச்சு?"

"யாரு கண்ணு?"

"மாதா கண்ணு."

அவர் யோசித்தார். "நம்மளப் பாக்குற மாதிரி இருந்துச்சு. எங்க நின்னாலும்."

மத்தியானம் ஆனதும் கிளம்பினார்கள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அடிவாரத்தில் அவர் செருப்பு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அது மலை மேல் கோயில் வாசலில் கிடந்தது. "அதுக்கு ஒண்ணும் நான் திரும்பி ஏற மாட்டேன்" என்றார். வெறுங்காலோடு ரயிலுக்கு நடந்தார்.

நாலைந்து நாள் கழித்துக் கேசவன் வீட்டுக்கு வந்தான். கழகத்தின் இளைஞரணிச் செயலாளர். வேதாசலம் தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி. மோரைக் குடித்து முடிக்கும்வரை வந்த காரியத்தைச் சொல்லவில்லை.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. பல்லாவரத்து ஆளுங்க உங்கள மாதாகோயில் மலையில பாத்ததாச் சொல்லிக்கினு கீறாங்க. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும்."

"ஏன் இல்லன்னு சொல்லணும்? போனேன். மெழுகுவர்த்தி ஏத்தினேன்."

கேசவன் தம்ளரைக் கீழே வைத்தான். "நம்ம கொள்கை இன்னாண்ணே ஆவுறது?"

"அவ நடந்து ஏற நெனச்சா, முடியல. நான் ஏறினேன். ஆஸ்பத்திரியில அவ எனக்குப் பீ மூத்திரம் எடுத்தா. அங்க நான் கொள்கை பேசலியே." வேதாசலம் கோபப்படவில்லை. "நாளைக்கும் மேடையில கூப்புட்டா, கடவுள் இல்லன்னுதான் சொல்வேன். கூப்புட வேணாம்னு நெனச்சா, கீழ உக்காந்து கேக்கறேன்."

கேசவன் தலையைச் சொறிந்தான். கொஞ்ச நாளைக்கு அவரைப் பேச விட வேண்டாம் என்று சிலர் சொல்வதாக இழுத்தான். வேதாசலம் சரி என்றார். அது அவருக்கு வலித்தது. செல்லியம்மாளுக்கு அது தெரிந்தது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் பலமாகக் கேட்டது.

வாசலில் சைக்கிளை எடுக்கும்போது கேசவன் திரும்பி, "ஏண்ணே, படியில எதுக்கு ஏறினீங்க? பின்பக்கம் ரோடு கீதே. ஆட்டோ கோயில் வாசலுக்கே போவும்" என்றான்.

வேதாசலம் அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"தெரியும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "மரியசெல்வம் சொன்னாங்க. நேர்ச்சைக்குப் போறவங்க ஆட்டோவுல போனா நல்லா இருக்குமா?"

அடுத்த கூட்டத்தில் வேதாசலம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தெருமுனையில் நின்ற ஆட்டோவை வாசலுக்கே கூட்டிவந்தார். எங்கே என்று செல்லியம்மாள் கேட்டதற்கு, "ஏறு" என்று மட்டும் சொன்னார். பெரிய சாலையில் போகும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடியைச் சரிசெய்துகொண்டாள்.

ஆட்டோ முனகிக்கொண்டே மலையைச் சுற்றி ஏறியது. கோயில் வாசலில் அவளை இறக்கிவிட்டு, "நான் இங்கியே இருக்கேன், நீ போயிட்டு வா" என்றார். அவள் நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். வேதாசலம் ஆலமரத்து மேடையில் உட்கார்ந்தார். கீழே ஒரு விமானம் ஓடுபாதையில் வந்து இறங்கியது. இன்னொன்று கிளம்பியது. பூசை முடிந்து வந்தவர்கள் அவரைச் சுற்றிப் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு கைப்பிள்ளை அவர் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்துச் செல்லியம்மாள் வந்தாள். முகம் கழுவினாற்போல் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"எல்லாம் நீங்க சொன்ன மாதிரியேதான் கீது. புறா, கல்லு, அந்தத் தாடிக்காரங்க, எல்லாம்."

"அப்புறம்?"

"ஒண்ணுதான். இம்மாஞ் சின்னதா இருக்கும்னு நீங்க சொல்லவே இல்ல. நம்ம ரயில்வே கல்யாண மண்டபத்துல பாதி கூட இல்ல. நீங்க சொன்னதக் கேட்டு நான் எம்மாம் பெருசா நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா?"

வேதாசலம் திரும்பிக் கோயிலைப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். சின்னக் கோயில்தான்.

"அன்னிக்கு எனக்குப் பெருசாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவள் சிரித்தாள். காற்று பலமாக அடித்தது. மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் ஒரு இட்லியை வைத்தாள்.